செல்வர் வரியும் மக்கள் கருத்தும்: ஒகேனக்கல்லை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பணக்காரர்கள் கூடுதல் வரி கட்ட வேண்டுமா என்று கேட்டால் இந்தியர்களில் பெரும்பாலோர் ‘ஆம்’ என்கிறார்கள். 2024-ல் இப்சோஸ் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், ஜி20 நாடுகளில் 68 விழுக்காட்டினர் செல்வர்கள் மீது செல்வ வரி விதிப்பதை ஆதரித்தனர். இந்தியாவில் அந்த ஆதரவு 74 விழுக்காடு. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, காங்கிரஸின் சாம் பிட்ரோடா அமெரிக்காவின் வாரிசு வரியை எடுத்துக்காட்டிப் பேசியதும் பெரும் சர்ச்சை கிளம்பியது. அது கட்சியின் கருத்தல்ல என்று காங்கிரஸே விலகிக்கொண்டது. இடதுசாரிகளைத் தவிர, பெரிய கட்சிகள் எவையும் இதைத் தொடத் துணியவில்லை.

இவ்வளவு ஆதரவுள்ள கொள்கைக்கு ஏன் இவ்வளவு அச்சம்? ஆதரவு உண்மையானது, ஆனால் வரி எந்த வரம்பில் தொடங்கும் என்பதைச் சொல்லாமலே இந்தப் பேச்சு நடக்கிறது. அதனால் சொற்ப நிலம் வைத்திருப்பவரும் அந்த வரி தம் தலையில்தான் விழும் என்று அஞ்சுகிறார். இக்கட்டுரையின் வாதம் இதுவே. தர்மபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல் வட்டாரத்தை இதற்குக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் வரி வரலாற்றில் இந்த மண்ணுக்குத் தனி இடம் இருக்கிறது.

2. பாராமகாலின் நினைவு

ஒகேனக்கல்லை உள்ளடக்கிய பென்னாகரம் பகுதி, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறிய பாராமகாலைச் சேர்ந்தது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கேதான் நிலங்களை அளந்து, வயல் வயலாகத் தீர்வை நிர்ணயித்தார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவிய ரயத்துவாரி முறை உருப்பெற்றது இந்தக் கரடுமுரடான நிலத்தில்தான்.

அந்த முறையில் அரசுக்கும் உழவனுக்கும் இடையே ஜமீன்தார் இல்லை. அது ஒரு முன்னேற்றம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரசின் வருவாய்ச் சுமை பெருமளவு ஏர் பிடித்தவன் மீதே இறங்கியது. மழை பொய்த்தாலும் தீர்வை கேட்கப்பட்டது. வணிகரின் லாபத்தையும் உயர் அதிகாரியின் சம்பளத்தையும் தேடி வருமான வரி வந்தது 1860-ல்தான். 1857 எழுச்சியை அடக்கிய செலவால் கஜானா காலியான பின், அன்றைய ஆங்கில அரசின் நிதிப் பொறுப்பாளர் ஜேம்ஸ் வில்சன் அதைக் கொண்டுவந்தார்.

தலைமுறைகளாக இங்கே வரி என்றால் நிலத்தின் மீதான வரி. கட்டத் தவறினால் ஜப்தி. இன்றைக்கு நிலவரி மிகச் சிறிய தொகை. 1886 சட்டம் முதற்கொண்டு வேளாண் வருமானத்துக்கு மத்திய வருமான வரியும் இல்லை. அந்த விலக்கு பெருந்தோட்டக்காரருக்கும் சேர்த்தே கிடைக்கிறது என்பது தனியாகப் பேசவேண்டிய குறை. ஆயினும் பழைய பயம் போகவில்லை. செல்வர் வரிக்கு முதல் தடை இதுதான். ‘சொத்துக்கு வரி போடப் போறாங்களாம்’ என்ற செய்தி காதில் விழுந்தால், இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் நான்கு மாமரமும் வைத்திருப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது தம் பட்டாதான், எங்கோ இருக்கும் கோடீஸ்வரரின் பங்குப் பத்திரங்கள் அல்ல.

3. கண்ணுக்குத் தெரியாத வரி

இரண்டாவது தடை, தாங்கள் வரி கட்டுவதே இல்லை என்று எளியவர்கள் நம்புவது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்பவர், மீன் வறுத்து விற்கும் பெண் ஆகியோரில் வருமான வரி கட்டுமளவுக்குச் சம்பாதிப்பவர் அரிது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான ஆண்டு வருமானத்துக்கு வரி வருவதில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவும் தேவையில்லை.

ஆனால் அவர்கள் வாங்கும் பொருள்களில் வரி இருக்கிறது. 2017 முதல் 2025 செப்டம்பர் 21 வரை, குளிக்கும் சோப்புக்கும் பற்பசைக்கும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி; மறுநாள்தான் அது 5 ஆகக் குறைந்தது. 2022 ஜூலை முதல், உறையிட்டு முத்திரையிட்ட சில்லறை அரிசிப் பைக்கும் 5 விழுக்காடு. பேருந்து, ஆட்டோ கட்டணங்களுக்குள் டீசல், பெட்ரோல் வரி அடங்கியிருக்கிறது. சோப்பு வாங்குபவர் மசாஜ் தொழிலாளியா, அவரிடம் உடம்பைக் காட்டிப் படுத்திருக்கும் தொழிலதிபரா என்று ஜிஎஸ்டி பார்ப்பதில்லை. ஒருவருக்கு அது கூலியில் ஒரு பங்கு, மற்றவருக்குக் கணக்கில் வராத சில்லறை.

காவிரியில் வெள்ளம் வரும் நாட்களில் இந்த அநீதி இன்னும் கூர்மையாகத் தெரியும். 2024 ஜூலை இறுதியில் நீர்வரத்து நொடிக்கு ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியது. பரிசல் இயக்கவும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்திருந்தது. உயிரைக் காக்கும் தடை அது, தேவையானதுதான். ஆனால் பரிசல்காரருக்கு அன்றைய வருமானம் கிடையாது. வருமான வரியாக இருந்தால் வருமானம் இல்லாதபோது அதுவும் இருக்காது. நுகர்வு வரியோ அடுப்பு எரியும்வரை தொடரும்.

நாமும் வரி செலுத்துவோர்தான் என்பது புரிந்தால்தான், நம்மைவிடப் பல்லாயிரம் மடங்கு வசதி படைத்தவர் என்ன கொடுக்கிறார் என்று உரிமையோடு கேட்க முடியும்.

4. குழாயில் வரும் சான்று

வரிப்பணம் எங்கே போகிறது என்ற ஐயமும் மக்களிடம் பரவலாக உண்டு. பல இடங்களில் அது நியாயமானதும்கூட. ஆனால் ஒகேனக்கல்லில் அதற்கு ஒரு வலுவான பதில் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதனால் குழந்தைகளின் பல் கறைபடிந்தது, வயதானவர்களின் மூட்டும் எலும்பும் இறுகின. கிணற்றை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் தனிமனிதரால் தீர்க்க முடியாத சிக்கல் இது. ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு, கர்நாடகத்தின் எதிர்ப்பையும் தாண்டி, சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறியது. 2008-ல் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார், 2013-ல் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்தார்.

அந்தக் கடனை அடைப்பது பொதுக் கஜானா. கஜானாவை நிரப்புவோர் வரிசையில் பல்லில் கறை படிந்த குழந்தையின் தாயும் நிற்கிறாள். அவளுடைய பங்கு அவள் சக்திக்கு மீறாமல் இருக்க வேண்டுமானால், சக்தி மிகுந்தவர் பங்கு உயர்ந்தாக வேண்டும். செல்வர் வரிக்கு இதைவிடத் தெளிவான நியாயம் எனக்குத் தெரியவில்லை.

5. ஏறி இறங்கிய விகிதம்

செல்வர் பங்கு நம் நாட்டில் ஏற்கெனவே உயர்ந்தும் தாழ்ந்தும் வந்திருக்கிறது. 1957-ல் செல்வ வரியைக் கொண்டுவந்தவர் அன்றைய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1973-74-ல் உச்ச வருமான வரி 97.75 விழுக்காட்டைத் தொட்டது. அது ஏய்ப்பையே வளர்த்தது. 1997-ல் ப. சிதம்பரம் உச்ச விகிதத்தை 30 ஆக்கினார். வாரிசுச் சொத்து மீதான வரி 1985-லும், செல்வ வரி 2015-லும் ஒழிக்கப்பட்டன. நிர்மலா சீதாராமன் 2019-ல் மிகப்பெரும் வருமானக்காரர்களின் வரியை 42.74 விழுக்காடு வரை உயர்த்தி, 2023-ல் புதிய முறையில் 39 ஆகக் குறைத்தார்.

6. எதிர்க்கருத்துகள்

செல்வ வரி ஏற்கெனவே தோற்றுவிட்டது என்பார்கள். 2013-14-ல் அது ஈட்டியது 1,008 கோடி ரூபாய்தான் என்பது மெய். ஆனால் அந்த வரியிலிருந்து பங்குகள் 1990-களின் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டுவிட்டன. பெருஞ்செல்வம் குவிந்திருக்கும் இடத்தை விட்டுவிட்டு, 30 லட்சத்துக்கு மேற்பட்ட நகையையும் காரையும் காலி மனையையும் துரத்தினால் தொகை எப்படித் தேறும்? தோற்றது அந்த வடிவம், கொள்கை அல்ல.

செல்வர்கள் நாட்டை விட்டுப் போய்விடுவார்கள் என்பது கனமான வாதம். நார்வே 2022-ல் செல்வ வரியை உயர்த்தியபின் சில பெருஞ்செல்வர்கள் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது உண்மை. எனவேதான் பொருளியலாளர் காப்ரியேல் ஜூக்மேன் ஜி20-க்கு அளித்த அறிக்கையில், நூறு கோடி டாலருக்கு மேல் செல்வமுள்ளவர்களுக்கு அச்செல்வத்தில் 2 விழுக்காடு என்ற பொதுவான குறைந்தபட்ச வரியைப் பல நாடுகள் சேர்ந்து விதிக்கப் பரிந்துரைத்தார். ஆனாலும் ஆள் பறந்து போகலாம். ஆலையும் அடுக்குமாடியும் மனையும் பறக்காது.

7. வரம்பைச் சொல்லிக் கேளுங்கள்

இந்தியாவில் உச்சத்திலுள்ள ஒரு விழுக்காட்டினர் 2022-23-ல் நாட்டின் செல்வத்தில் 40.1 விழுக்காட்டை வைத்திருந்தனர் என்று தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அவர்கள் முன்வைத்த திட்டம், 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிகரச் செல்வத்துக்கு ஆண்டுக்கு 2 விழுக்காடு வரியும், அதே வரம்புக்கு மேற்பட்ட வாரிசுச் சொத்துக்கு 33 விழுக்காடு வரியும். வயதுவந்தோரில் 99.96 விழுக்காட்டினரை இது தொடாது.

படிநிலை வரி நமக்குப் புதிதும் அல்ல. 2022-ல் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியபோது, தர்மபுரி போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 விழுக்காடு உயர்வு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடு உயர்வு என்று பிரித்தது. எந்த வீடு எந்தப் படியில் வருகிறது என்பதை யாரும் தாமே பார்த்துக்கொள்ள முடிந்தது.

கட்சிக்காரர்களுக்கும் கருத்துக்கணிப்பு நடத்துவோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. ‘பணக்காரருக்கு வரி போடலாமா?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். ‘10 கோடிக்கு மேல் சொத்துள்ளவருக்கு வரி, உங்கள் இரண்டு ஏக்கருக்கும் வீட்டுக்கும் இல்லை, அந்தப் பணத்தில் இன்ன வேலை நடக்கும்’ என்று சொல்லிவிட்டு, பென்னாகரம் சந்தையிலும் ஒகேனக்கல் பரிசல் துறையிலும் நின்று கேளுங்கள்.