கிறீன் வைத்தியரின் நூற்றொகையும் அதன் பயனும்

தொண்டைமானாற்று வெளிக்கள நிலையம் நடத்தும் தேர்வுகளுக்கு உயர்தர வகுப்பு விஞ்ஞான மாணவர் தமிழிலேயே விடை எழுதுகின்றனர். இதயத்தின் அறைகளையும் சிறுநீரகத்தின் தொழிலையும் தமிழில் விளக்கிப் புள்ளி பெறும் அம்மாணவர், மருத்துவபீடத்துட் புகுந்ததும் அவற்றையே ஆங்கிலத்திற் கற்கத் தொடங்குகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ, இதே குடாநாட்டில், தமிழிலே மருத்துவம் பயின்று வைத்தியராயினோர் இருந்தனர். அவர்க்கு நூல் செய்தளித்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

ஐக்கிய அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில் 1822இற் பிறந்த கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று, அமெரிக்க மிஷனைச் சார்ந்தவராய் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் இருந்து, மறுவருடம் மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவ வகுப்பும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றவர்களோ அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியிடங்களுக்குச் சென்றனர். கிராமங்கள் வைத்தியரின்றியே கிடந்தன. விடுமுறையிற் சென்று 1862இல் மீண்டபின் அவர் தமிழ் வகுப்பை நடத்தியமைக்கு மொழிப்பற்றினும் இக்காரணமே முதன்மையானது எனலாம். அவரிடம் பயின்றோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர்.

தமிழ் வகுப்புக்குத் தமிழ் நூல் வேண்டுமன்றோ! கட்டர் என்பாரின் நூலைத் தழுவிய 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' 1852இல் வெளிவந்தது. மோன்செலின் பிரசவ வைத்திய நூல் 1857இலும், துரூயிற்றின் இரண வைத்திய நூல் 1867இலும் தமிழாயின. 1872இல் 'வைத்தியாகரம்', 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் இரு பெருநூல்கள் தோன்றின. பின்னது கிறேயின் உடற்கூற்று நூலின் மொழிபெயர்ப்பு. அம்மூலம் இலண்டனில் முதன்முதல் அச்சேறியது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது யாழ்ப்பாணத்து மாணவன் கையில் தமிழாய் இருந்தது. 'கெமிஸ்தம்', 'மனுஷ சுகரணம்' முதலியவை பின்னர் வந்தன. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 4,500 பக்கங்கள். மாணவர் சிலர் மொழிபெயர்க்கக் கிறீன் திருத்திய பகுதிகளும் இவற்றுள் உள. எனவே இத்தொகையை ஒருவர் சாதனையென்பதிலும் ஒரு கூடத்தின் சாதனையென்பதே பொருந்தும். 1873இல் தாயகம் திரும்பியபின்னும் 1884இல் இறக்கும்வரை அவர் இப்பணியைக் கைவிடவில்லை.

கலைச்சொல்லுக்கு அவர் கொண்ட முறை தெளிவானது. வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லை முதலில் தேடினார். கிட்டாதவிடத்து வடமொழியை நாடினார். அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்திற் பெயர்த்தார். 'இரண வைத்தியம்' முதல்வகைக்கு அணித்தானது, 'அங்காதிபாதம்' இரண்டாவது, 'கெமிஸ்தம்' மூன்றாவது. சொற்பட்டியல்களையும் தனியே வெளியிட்டமையால், தம் சொற்களைப் பிறர் எடுத்தாள வேண்டுமென அவர் கருதினமை புலனாகும்.

இன்று ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளரின் தகைமையைப் பிறர் அவரை எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்பதைக் கொண்டு அளக்கின்றனர். யூஜின் கார்பீல்டின் அறிவியல் மேற்கோட் சுட்டி 1964இற் பிறந்தது. 2005இல் ஹிர்ஷ் வகுத்த சுட்டெண்ணோ வாழ்நாளுழைப்பை ஓரெண்ணாக்கிற்று: இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் இருபது முறையேனும் சுட்டப்பட்டிருப்பின் அவ்வாசிரியரின் எண் இருபது. இக்கோலைக் கிறீன்மீது வைத்தால் அவர் பெறுவது சிறிதே. புதிய உண்மை கண்ட கட்டுரைகளல்ல அவர் நூல்கள். அவற்றைப் படித்தவர் கட்டுரை எழுதினாரல்லர், பிரசவம் பார்த்தார், கட்டியை அறுத்தார். எண்ணிற்கு அகப்படாத பயன் அது.

ஆயினும் அக்கோல் சுட்டும் குறையொன்று மெய்யானது. நூலைத் தொடர்வார் இல்லாவிடின் நூல் நின்றுவிடும். 1870இற் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. அங்கே போதனாமொழி ஆங்கிலம். கிறேயின் நூல் ஆங்கிலத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டு, ஒவ்வொன்றிலும் புதுக்கப்பட்டது. 'மனுஷ அங்காதிபாதம்' அவ்வாறு காலந்தோறும் புதுக்கப்படவில்லை. கிறீனின் சொற்கள் பழுதானமையால் வழக்கொழிந்தன என்பார் கூற்று முழுவதும் ஏற்கத்தக்கதன்று. அவற்றை ஆண்டு திருத்துதற்குரிய வகுப்பு மறைந்தமையே பெருங்காரணம். இருபதாம் நூற்றாண்டில் இலங்கையிற் பாடநூல் செய்தோர் 'சுகரணம்' நின்றவிடத்தில் 'உடற்றொழிலியல்' என்றும், 'கெமிஸ்தம்' நின்றவிடத்தில் 'இரசாயனவியல்' என்றும் எழுதினர்.