பட்டா இல்லாத குடியிருப்பு: இணைய ரசிகர் குழுமங்கள் கலைந்த வரலாறு

2020 டிசம்பர் 15 அன்று யாகூ குழுமங்கள் முற்றாக மூடப்பட்டன. கொரோனா செய்திகளுக்கு நடுவே அதைப் பலர் கவனிக்கவில்லை. இருபது ஆண்டுகளாக உலகெங்கும் சிதறிக் கிடந்த ரசிகர்கள் கூடிப் பேசிய முற்றம் அன்றோடு பூட்டப்பட்டது. ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்கள், அறிவியல் புனைகதை வாசகர்கள், இளையராஜா ரசிகர்கள், ஏ.ஆர். ரகுமான் ரசிகர்கள் என எல்லோருக்கும் அங்கே ஒரு திண்ணை இருந்தது.

சாதி ஒழிப்பைப் பேசும் இடத்தில் ரசிகர் குழுமங்களின் முடிவைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம்முடைய வாசகர் வட்டங்களும் மாணவர் அமைப்புகளும் இன்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் முகநூலிலும்தான் இயங்குகின்றன. நம் துண்டறிக்கைகளும் கூட்டப் படங்களும் இரவு முழுக்க நடந்த விவாதங்களும் அங்கேதான் கிடக்கின்றன. அந்த நிலத்துக்கு நம்மிடம் பட்டா கிடையாது. நமக்கு முன்னால் அதேபோன்ற நிலத்தில் குடியேறி, பாடுபட்டு வீடு கட்டி, பிறகு வெளியேற்றப்பட்டவர்கள் இணைய ரசிகர்கள். அவர்கள் எப்படி விடைபெற்றார்கள், எதைக் கையோடு எடுத்துச் சென்றார்கள், எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு.

தெரு மன்றமும் இணையக் குழுமமும்

தமிழ்நாட்டில் ரசிகர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தெருமுனை மன்றம்தான். எம்.ஜி.ஆர். பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூலும், மதுரையில் களஆய்வு செய்து சாரா டிக்கி 1993இல் வெளியிட்ட நூலும் சமூகவியல் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டியவை. அந்த மன்றங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் நகர்ப்புற ஏழைகள். பேனர் கட்டினார்கள், ரத்ததானம் செய்தார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். ஆனால் மன்றத்தின் கணக்கு நோட்டும் உறுப்பினர் பட்டியலும் எந்த ஆவணக்காப்பகத்தையும் எளிதில் சென்றடையவில்லை.

இணையக் குழுமம் வேறு இடத்திலிருந்து வந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கத் தொடங்கியதே 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். அதற்கு முன்பே யூஸ்நெட்டில் தமிழர்களுக்கென்று ஒரு விவாதக் குழு இருந்தது. கணிப்பொறியும் ஆங்கிலமும் பல்கலைக்கழக இணைப்பும் கிடைத்தவர்களால்தான் அங்கே நுழைய முடிந்தது. அன்று அவை யாருக்குக் கிடைத்தன என்பதை இந்த வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிரவுசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு வந்த பிறகுதான் சிறு ஊர்களின் பிள்ளைகள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உள்ளே வந்தார்கள். 2004இல் வந்த ஆர்குட் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது.

ஆகவே ரசிகர் வரலாற்றில் இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று எழுதி வைக்க வசதியில்லாமல் மறைந்தது. இன்னொன்று நாள்தோறும் எழுதிக் குவித்தது. எழுதிக் குவித்ததும் காணாமல் போனது என்பதுதான் இங்கே பாடம்.

குழுமங்கள் செய்த வேலை

ரசிகர் குழுமம் என்றால் வெறும் புகழ்பாடும் இடம் என்று நினைத்துவிடக் கூடாது. கேசட் உறையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். நடிகர் படம், இசையமைப்பாளர் பெயர், பாடியவர்கள் பெயர், பாட்டு எழுதியவர் பெயர். வாசித்தவர்கள் யார் என்பது பெரும்பாலும் இருக்காது. இளையராஜாவின் பாட்டில் கிடார் வாசித்தவர் சதானந்தம், பேஸ் கிடார் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மானுவேல் என்ற விவரங்கள் இன்று பலருக்குத் தெரிகின்றன என்றால், அதில் கணிசமான பங்கு ரசிகர்களுடையது. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, யாரையாவது விசாரித்து, பெயரைக் கண்டுபிடித்து எழுதிப் போட்டார்கள். இது உழைப்பாளிகளின் பெயரைப் பதிவு செய்யும் வேலை. சம்பளம் இல்லாமல் நடந்த வேலை.

அதே பட்டியலில் உறுமியும் தப்பும் வாசித்தவர்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள். எளிதில் கிடைக்காது. எந்த ராகம், எந்தக் கார்டு என்ற கேள்விகளுக்கு விடை தேடிய ஆர்வம், தோற்கருவி வாசித்தவரின் ஊரையும் பெயரையும் தேடும் அளவுக்கு நீளவில்லை. ஆவணம் என்பது யார் கையில் பேனா இருக்கிறதோ அவர்களுடைய காதுக்கு எட்டியது மட்டும்தான். ஆனாலும் இருந்த பதிவும் அழியும்போது இழப்பு எல்லோருக்கும்தான். விட்டுப்போன பெயர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு, பிடித்துக்கொண்டு போக ஒரு நூலிழைகூட மிஞ்சாது.

மொழியிலும் ஒரு சிக்கல் இருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினார்கள். அல்லது திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் எழுதினார்கள். அந்த எழுத்துருவை நிறுவாதவர்களுக்கு அது வெறும் கிறுக்கலாகத் தெரியும். இன்று அந்தக் காலத்துக் கோப்பு ஒன்று கிடைத்தாலும், எந்தக் குறியாக்கம் என்று தெரிந்து மாற்றினால்தான் படிக்க முடியும். அழிக்காமல் இருந்தால் மட்டும் போதாது, படிக்கிற நிலையிலும் வைத்திருக்க வேண்டும்.

காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்

யாகூவுக்கு இது முதல் தடவை அல்ல. 1999இல் அது ஜியோசிட்டீஸ் தளத்தை வாங்கியது. அங்கே பேட்டைகள் மாதிரி பிரித்து வைத்திருந்தார்கள். சினிமா ரசிகர்கள் ஹாலிவுட் என்ற பேட்டையிலும், அறிவியல் புனைகதை ரசிகர்கள் ஏரியா 51 என்ற பேட்டையிலும் இலவசமாகப் பக்கம் கட்டிக்கொண்டார்கள். 2009 அக்டோபர் 26 அன்று யாகூ அதை இடித்தது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு, கிடைத்த அவகாசத்தில் அள்ள முடிந்ததை அள்ளியது.

ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. பொதுவில் இருந்த குழுக்களின் பதிவுகளைக் கூகுள் சிறிது காலம் காட்சிக்கு வைத்திருந்து, பின்னர் அதையும் எடுத்துவிட்டது. பிரேசிலுக்கு அடுத்து ஆர்குட்டை அதிகம் பயன்படுத்திய நாடுகளில் ஒன்று இந்தியா. கல்லூரி விடுதியில் முதன்முதலாக இணையத்தைத் தொட்ட ஒரு தலைமுறையின் பேச்சு அங்கே இருந்தது.

யாகூ குழுமங்களின் கதை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியது. அப்போது யாகூ அமெரிக்காவின் வெரிசோன் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. 2019 அக்டோபர் நடுவில் அறிவிப்பு வந்தது. அக்டோபர் 28 முதல் புதிதாக எதையும் ஏற்ற முடியாது, டிசம்பர் 14 அன்று பழைய மடல்கள், கோப்புகள், படங்கள் எல்லாம் நீக்கப்படும் என்றது அது. கையில் இருந்தது இரண்டு மாதம்கூட இல்லை. அதற்குள் பல குழுமங்களின் மட்டுறுத்துநர்கள் வேலை, ஊர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் மாறிப் போயிருந்தார்கள். சிலர் இறந்துபோயிருந்தார்கள். பூட்டிய குழுமத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை.

ரசிகர்களும் ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்களும் சேர்ந்து மீட்புப் பணியில் இறங்கினார்கள். குழுமம் குழுமமாகச் சேர்ந்து பதிவிறக்கினார்கள். டிசம்பரில் அவர்களுடைய கணக்குகளில் பலவற்றை நிறுவனம் முடக்கியது. பயன்பாட்டு விதிகளை மீறினார்கள் என்பது நிறுவனத்தின் விளக்கம். கூச்சல் எழுந்த பிறகு, பதிவுகளைக் கேட்டுப் பெறுவதற்கு 2020 ஜனவரி 31 வரை அவகாசம் நீண்டது. அதன் பிறகு மின்னஞ்சல் மட்டும் போய்வந்து கொண்டிருந்தது. ஆண்டு முடிவில் அதுவும் நின்றது.

குடிசை இடிக்க வரும்போது பார்த்திருப்பீர்கள். இத்தனை ஆண்டு நாங்கள் இங்கேதான் இருந்தோம் என்று சொன்னால், காகிதத்தைக் காட்டு என்பார்கள். இங்கேயும் அதேதான். ரசிகர்கள் இருபது ஆண்டுகள் உழைத்ததால்தான் அந்த இடத்துக்கு மதிப்பு வந்தது. ஆனால் பதிவு செய்யும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்ட விதிகளில், இடம் யாருடையது என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

சொந்த நிலம் தேடியவர்கள்

இந்த வரலாற்றில் தோல்வி மட்டும் இல்லை. மேற்கில் புனைகதை எழுதும் ரசிகர்கள், அதாவது தமக்குப் பிடித்த கதாபாத்திரங்களை வைத்துத் தாமே கதை எழுதுபவர்கள், பெரும்பாலும் பெண்கள். 2007 அவர்களுக்குத் திருப்புமுனையான ஆண்டு. அவ்வாண்டு மே மாத இறுதியில் லைவ்ஜர்னல் நிறுவனம் ஏறத்தாழ 500 கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கியது. அதில் ரசிகர் எழுத்தும் இருந்தது, பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்களின் ஆதரவுக் குழுவும் இருந்தது. அதே சமயத்தில் பேன்லிப் என்ற வணிக நிறுவனம் அவர்களுடைய எழுத்தை வைத்துக் காசு பார்க்க வந்தது.

அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: சர்வர் நம்முடையதாக இருக்க வேண்டும். இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2009 நவம்பரில் அவர்களுடைய காப்பகம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்பது பெயர், நமக்கே நமக்கான காப்பகம் என்று பொருள். விளம்பரம் கிடையாது. நன்கொடையிலும் தன்னார்வலர் உழைப்பிலும் நடக்கிறது. மூடப்படும் சிறு ரசிகர் காப்பகங்களின் படைப்புகளைத் தன்னிடம் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளவும் அங்கே தனித் திட்டம் உண்டு. 2019இல் அதற்கு ஹ்யூகோ விருது கிடைத்தது.

அங்கே இருக்கும் ஒரு ஏற்பாடு நம் கவனத்துக்குரியது. ஒருவர் வெளியேற விரும்பினால், தன் பெயரை மட்டும் துண்டித்துக்கொண்டு எழுத்தைக் காப்பகத்திலேயே விட்டுச் செல்லலாம். ஆள் போகிறார், வேலை நிற்கிறது. சொந்தப் பெயரில் பேச முடியாதவர்கள், வேலைக்குச் சேர்ந்த பிறகு பழைய பதிவுகள் துரத்திவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். தன் சாதியை அலுவலகத்தில் சொல்லாமல் இருக்கும் தோழர்கள் நம்மிடையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மரியாதையாக விடைகொடுக்கும் வழி இது.

நாம் ஏற்கெனவே அறிந்த வழி

கணிப்பொறி இல்லாத காலத்தில் இதையே நம் முன்னோர் செய்திருக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது ‘தமிழன்’ ஆயிற்று. கோலார் தங்கவயல், இரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று தொழிலாளர்கள் போன இடமெல்லாம் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். அதுவும் தூரதூரமாகச் சிதறிக் கிடந்து, எழுத்தால் கூடிய ஒரு கூட்டம்தான். 1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தார். இதழ் தடுமாறியது, நின்றது, 1920களில் தங்கவயலில் மீண்டும் உயிர்பெற்றது, பிறகு அதுவும் நின்றது.

பொது வரலாறு அதை மறந்தேவிட்டது. 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவந்தபோது தமிழ் அறிவுலகமே திரும்பிப் பார்த்தது. அந்தத் தொகுப்பு எப்படிச் சாத்தியமாயிற்று? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் கரையானுக்கும் மழைக்கும் கொடுக்காமல் பாதுகாத்து வைத்திருந்தார்கள். எந்த நிறுவனமும் கேட்காத காலத்தில், என்றாவது ஒருநாள் யாராவது கேட்பார்கள் என்று நம்பிக் காத்தார்கள்.

யாகூ குழுமத்தின் மடல்களைத் தன் வட்டில் இறக்கி வைத்த ரசிகரும், ‘தமிழன்’ கட்டுகளைப் பெட்டியில் வைத்த வாசகரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். வேறுபாடு ஒன்று உண்டு. காகிதம் அழிய ஆண்டுகள் பிடிக்கும். சர்வரை அணைக்க ஒரு நொடி போதும்.

விடைபெறுவதும் ஒரு வேலை

எந்தக் குழுவும் நிரந்தரம் இல்லை. படிப்பு முடியும், வேலை மாறும், கருத்து வேறுபடும், ஒருநாள் குழுவில் யாரும் பேசாமல் போவார்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் கலைவதுதான் சரியில்லை. ரசிகர் குழுமங்களின் வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில.

நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை அம்பேத்கர் பிறந்தநாளிலோ அமைப்பு தொடங்கிய நாளிலோ குழுவின் பதிவுகளை இறக்கி, யூனிகோடில், எளிய கோப்பாக, குறைந்தது மூன்று இடங்களில் வையுங்கள். நிர்வாகியின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டாம். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். படத்தில் நிற்பவர்கள் யார், பறை அடித்தவர் யார், சாப்பாடு சமைத்தவர் யார் என்று பெயரோடு எழுதி வையுங்கள். வெளியே தெரியக் கூடாத பெயர்களை, அவரவரைக் கேட்டு, நீக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் காப்பது என்ற பெயரில் யாரையும் ஆபத்தில் தள்ளக் கூடாது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்தவைதான் பின்னாளில் சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆய்வு நூலகமாயின. நம் துண்டறிக்கைகளுக்கும் அப்படி ஒரு வீடு தேட வேண்டும்.

கடைசியாக, குழு முடியும்போது முடிகிறது என்று சொல்லுங்கள். இத்தனை ஆண்டு நடத்தியவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். பதிவுகள் எங்கே இருக்கின்றன, யாரைக் கேட்டால் கிடைக்கும் என்று எழுதி வையுங்கள். இருபது ஆண்டு கழித்து ஊர்ப் பிள்ளை ஒன்று நம்மைத் தேடி வரும். அப்போது அதன் கையில் கொடுக்க நம்மிடம் ஒரு கட்டாவது இருக்க வேண்டும்.