சித்திரத் தொகுப்பு எவ்வகைப் பிரமாணம்?

கட்டடக் கலை பயில விரும்பும் மாணவன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பத்தோடு அனுப்பும் சித்திரத் தொகுப்பை, அதாவது இக்காலத்தார் போர்ட்போலியோ என்று வழங்குவதை, அவனது கைத்திறனை நேரே காட்டும் கண்ணாடியாகக் கொள்வோரே பெரும்பாலோர். தருக்க சாஸ்திரத்தின் பரிபாஷையில் சொல்வதானால், அது பிரத்தியட்சம், அதாவது நேரே காணும் அறிவு, அன்று, ஒன்றைக் கண்டு மற்றொன்றை ஊகிக்கும் அனுமானமே என்பதும், ஆதலால் புகை கண்டு நெருப்பை ஊகிப்பவனுக்கு வேண்டிய எச்சரிக்கை அதனை மதிப்பிடுவோர்க்கும் வேண்டும் என்பதும் என் கருத்து.

பிரத்தியட்சத்தையே நம்பிய முறை 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து எக்கோல் தெ போஸார் கலாசாலையில் நிலவியது. அங்கே பிரவேசம் விரும்பியவன், கணிதம் சரித்திரம் முதலிய பரீட்சைகளோடு, தனியறை ஒன்றில் அமர்ந்து, கொடுத்த பொருளுக்கேற்ற கட்டட அமைப்பை 12 மணி நேரத்துக்குள் வரைந்து தரவேண்டும். பிறர் கை கலவாதபடி காத்த இம்முறையும் பரீட்சகரின் மனக்கோட்டத்தைப் போக்கவில்லை: ஜூலியா மார்கன் என்னும் அமெரிக்கப் பெண்மணி இருமுறை தவறி, 1898-இல் மூன்றாம் முறை தேறி, கட்டடக் கலைப் பிரிவில் அங்கே இடம்பெற்ற முதற் பெண்ணானார், பெண்களை ஊக்குவிக்கப் பரீட்சகர்களுக்கு மனமில்லை என்றே முந்தைய தோல்விக்கு அவர் காரணம் கண்டார். நம் தேசத்தில் 2006 முதல் கட்டடக் கலைக் கவுன்சில் நடத்திவரும் நாட்டா என்னும் நுழைவுத் தேர்வும் பிரத்தியட்சக் குலத்தைச் சேர்ந்ததே. ஒருநாட் பொழுதில் தோன்றும் கற்பனையை இத்தேர்வுகள் அளக்கும். பல மாதங்கள் அழித்தழித்துக் கனியும் கற்பனைக்கு அவற்றில் ஏது இடம்?

அந்த இடத்தைத் தருவது தொகுப்பே. ஆனால் எதை நாம் புகையென்று கொள்வது? மெருகேறிய வர்ணச் சித்திரங்களை ஏதுவாக, அதாவது ஊகத்துக்கு ஆதாரமான அடையாளமாக, கொள்வது, பயிற்சிக் கூடங்கள் ஒரே அச்சில் வார்த்துத் தரும் ஏடுகள் மலிந்த இந்நாளில், மூடுபனியைப் புகையென்று மயங்குவதாகும். தன் வீட்டுப் படிக்கட்டை அளந்து வரைந்து, தவறிக் கணக்கிட்ட படியின் உயரத்தை மறுநாள் திருத்தி, அதன்பின் அப்படியில் அமரும் பாட்டியின் முழங்காலையும் சேர்த்து வரைந்தவனுடைய மூன்று அழுக்குத் தாள்களே எனக்கு மெய்யான ஏதுவாகத் தோன்றுகின்றன. (பொறுக்கியெடுத்த சிறந்த படங்களை மட்டும் அனுப்புக என்று உபதேசிக்கும் ஆசிரியர்கள் இதற்கு உடன்படார் என்பதை அறிவேன்.)

1859-இல் நியூயார்க்கில் தோன்றிய கூப்பர் யூனியன் கல்லூரியின் கட்டடக் கலைப் பள்ளி, விண்ணப்பித்தோர்க்கெல்லாம் ஒரே வினாக்களை அனுப்பி, சில வாரங்களில் வீட்டிலிருந்தே விடை படைத்தனுப்பச் செய்யும் முறையால் தேர்வு, தொகுப்பு என்னும் இவ்விரண்டையும் ஒருவாறு இணைத்தது. பொருள் பொது, காலம் தாராளம். செய்த கை எவருடையது என்ற ஐயம் மட்டும் அதிலும் எஞ்சும். அதனைத் தீர்க்க, தொகுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவனை எதிரே அமர்த்தி, அழித்த கோடு ஒன்றைச் சுட்டி, அது ஏன் அங்கே நிற்கவில்லை என்று பரீட்சகர் ஒருவர் கேட்டால் போதும்.