ஆயிரத்துக்கு 33

செவிலியத்தில் சிறந்த நடைமுறைக்கான வழிகாட்டுதலை வகுப்பதினும், அதனால் நோயாளிக்கு விளைந்தது என்ன என்று அளந்தறிவது கடினம். அந்த அளவீட்டின் வரலாற்றைப் பலரும் ஸ்குட்டாரியிலிருந்து தொடங்குவர். 1854 நவம்பரில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 செவிலியருடன் அங்கிருந்த பிரிட்டிஷ் படை மருத்துவமனையை அடைந்தார். ஆயினும் அக்குளிர்காலத்தில் இறப்பு விகிதம் ஏறியது. 1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணையம் சாக்கடைகளைத் தூய்மைப்படுத்திக் காற்றோட்டத்தைச் சீராக்கிய பின்னரே அது பெரிதும் சரிந்தது. போருக்குப் பின் வில்லியம் ஃபாருடன் புள்ளிவிவரங்களை ஆராய்ந்த நைட்டிங்கேல், சுகாதாரக் கேடே பெரும்பாலான உயிர்களைப் பறித்தது என உணர்ந்தார். செவிலியம் குறித்து அவர் எழுதிய நூல் காற்றோட்டத்தையும் தூய்மையையும் முன்னிறுத்தியது இதனால்தான்.

இதனினும் கடுமையான சோதனை பின்னர் வந்தது. 1860களின் தொடக்கத்தில், நைட்டிங்கேல் நிதியின் உதவியுடன், லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பேறுகால வார்டு ஒன்று திறக்கப்பட்டது. நாட்டுப்புறங்களில் பணியாற்றவிருந்த மகப்பேற்றுச் செவிலியர் அங்கே பயிற்சி பெற்றனர். ஆனால் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் தாய்மாரைப் பலிகொண்டது; 1867இல் வார்டு மூடப்பட்டது. அங்கே ஆயிரம் பேறுகளுக்கு ஏறத்தாழ 33 தாய்மார் இறந்திருந்தனர். வீட்டுப் பேறுகளே மிகுதியாக இருந்த இங்கிலாந்து முழுமைக்கும் அவ்விகிதம் சுமார் 5 மட்டுமே.

தம் பெயரால் இயங்கிய நிதி தாங்கிய திட்டத்தின் தோல்வியை நைட்டிங்கேல் மறைக்கவில்லை. பல பேறுகால நிலையங்களின் கணக்குகளைத் திரட்டி 1871இல் நூலாக வெளியிட்டார். பதிவுகளின் குறைபாட்டைச் சுட்டினார். பொது மருத்துவமனையோடு பேறுகால வார்டை இணைப்பதை எதிர்த்தார். அந்நூலை மருத்துவச்சியாக விளங்கிய சாக்ரட்டீசின் தாய்க்குக் காணிக்கையாக்கி, மகனின் வினவும் மனத்தைத் துணைக்கு அழைத்தார்.

இன்றைய மதிப்பீடுகள் பெரும்பாலும் எத்தனை பேர் பயிற்சி பெற்றனர், எத்தனை படிவங்கள் நிரப்பப்பட்டன என்பதோடு நின்றுவிடுகின்றன. அவ்வளவுகோலால் அளந்திருந்தால் கிங்ஸ் கல்லூரி வார்டு வெற்றியென்றே பதிவாகியிருக்கும். இறந்த தாய்மாரை எண்ணி, வெளியே பிள்ளை பெற்றோரோடு ஒப்பிட்டதால்தான் உண்மை புலப்பட்டது. வழிகாட்டுதலை வகுத்தவரே அதன் தோல்விக்கும் கணக்கு எழுதத் துணியும் இடத்தில்தான் மதிப்பீடு பொருள் பெறுகிறது.