கட்டுண்ட வீரன்



வீரனொருவனின் கதை ஏட்டில் எழுதப்பட்டதாயினும், களரியில் ஆடப்படுவதாயினும், திரையில் ஓடுவதாயினும், ஏதேனும் ஓரிடத்தில் அவன் பகைவர் கையில் அகப்பட்டுக் கட்டுண்டு நிற்கக் காண்கிறோம். வாளேந்திப் பொருதும் வீரனைக் காட்டிலும், கைகள் பின்னே பிணிக்கப்பட்டு நிற்கும் வீரனே நம் நெஞ்சில் நெடுநாள் தங்கிவிடுகிறான். ஆற்றல் மிக்கவன் ஆற்றலிழந்து நிற்பதைக் காண மக்கள் ஏன் விரும்புகின்றனர்? இவ்வினாவுக்கு விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவிக்கரைக்குச் சென்றாற் போதும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூருக்குச் செல்லும் பெருவழியில், வாவியை அடுத்துத் தன்னாமுனை என்னும் சிற்றூர் இருக்கிறது. கத்தோலிக்கக் குடிகள் வாழும் ஊர் அது. அதனைச் சூழ்ந்தும் வாவிக்கு அப்பாற் படுவான்கரையிலும் உள்ள ஊர்கள் பல, வழிவழியாகக் கூத்தாடி வந்தவை. வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்துக்கும் அந்நிலம் தாய்வீடு. வட்டமாக அமைந்த களரியில், மத்தளமும் சல்லாரியும் ஒலிக்க, அண்ணாவியார் பாட, விடிய விடிய ஆட்டம் நிகழும். அங்கே ஆடப்பட்ட கூத்துக்களுள் ஒன்று அனுவுருத்திர நாடகம். வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் அதனைப் பதிப்பித்து அழியாமற் காத்தார்.

கதை பாகவதத்திலிருந்து வந்தது. வாணாசுரன் மகள் உஷை கனவில் ஓர் இளைஞனைக் காண்கிறாள். தோழி சித்திரலேகை தேவரையும் அரசரையும் ஒவ்வொருவராக எழுதிக் காட்டி, கனவில் வந்தவன் கண்ணனின் பேரன் அனுவுருத்திரன் என்று கண்டுபிடிக்கிறாள். உறங்கிக் கிடந்தவனைத் துவாரகையிலிருந்து சோணிதபுரத்துக்கு எடுத்துவருகிறாள். களவு வெளிப்படுகிறது. எதிர்த்துவந்த காவலரை இளைஞன் அடித்து வீழ்த்துகிறான். பின்னர் வாணாசுரன் நாகபாசத்தை எறிந்து அவனைக் கட்டிவிடுகிறான்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டுண்ட பிறகு அனுவுருத்திரன் செய்வது ஏதுமில்லை. நாரதர் செய்தி கொண்டு செல்கிறார். கண்ணனும் பலராமனும் பிரத்தியும்நனும் சேனையோடு வருகின்றனர். வாணனுக்காகச் சிவபெருமானே போர்க்களம் புகுகிறார். வாணனின் ஆயிரம் தோள்கள் வெட்டுண்டு வீழ்கின்றன. இவ்வளவு ஆரவாரத்துக்கும் நடுவே அனுவுருத்திரன் பாம்புக் கயிற்றிற் கிடக்கிறான். ஆயினும் நாடகம் அவன் பெயராலேயே வழங்குகிறது. ஆட்டமே உயிராகிய ஒரு கலையில், கட்டுண்டவனுக்கு ஆட்டம் இல்லாமற் போகிறது. பாட்டு மட்டுமே எஞ்சுகிறது. அவனுக்காகப் பிறர் என்ன செய்வர் என்பதே அதன்பின் கதையாகிறது. ஒருவன் சிறைப்படும்போது அவன் குலம் முழுவதும் அளக்கப்படுகிறது எனலாம்.

அனுமன் கட்டுண்டது வேறு வகை. கம்பர் இதனைப் பாசப் படலத்திலும் பிணி வீட்டு படலத்திலும் விரித்துப் பாடுகிறார். இந்திரசித்து எய்த அயன் படைக்கு அனுமன் அடங்குகிறான். அடங்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை; படைப்புக் கடவுளின் படையை மதித்தும், இராவணனை நேரிற் காணும் வாய்ப்பு இது என்று கருதியும் அடங்குகிறான். வான்மீகியார் இங்கே சுவையான செய்தியொன்று சொல்கிறார். அரக்கர் அனுமனை நார்க்கயிறுகளாற் கட்டியவுடன் தெய்வப் படையின் கட்டு தானே நீங்கிவிடுகிறதாம்; அது வேறொரு கட்டைப் பொறுக்காது. இந்திரசித்து இதை உணர்ந்து கலங்குகிறான். அனுமனோ கட்டவிழ்ந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இழுத்த பக்கமெல்லாம் செல்கிறான். கட்டியவர் அஞ்சுகின்றனர்; கட்டப்பட்டவன் அஞ்சவில்லை. அதே இலங்கையில் சிறையிருந்த சீதையும், தோளில் ஏற்றிச் செல்கிறேன் என்று அனுமன் கூறியபோது மறுத்துவிட்டாள் என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தமிழ்த் திரைப்படம் இப்பழைய நெறியை அப்படியே எடுத்துக்கொண்டது. 1954ஆம் ஆண்டில் வெளிவந்த மனோகரா நேயர்களுக்கு நினைவிருக்கும். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்துக்கு மு. கருணாநிதி திரையுரையாடல் எழுத, எல். வி. பிரசாத் இயக்கிய படம் அது. சங்கிலிகளாற் பிணிக்கப்பட்டு அரசவைக்கு வருகிறான் மனோகரன். அவனை உண்மையிற் கட்டிவைத்திருப்பது இரும்பு அன்று, பொறுத்திரு என்ற தாயின் ஆணை. இறுதியில் தாய் அவ்வாணையை நீக்கியவுடனே சங்கிலி அறுகிறது. அயன் படைக்கும் நார்க்கயிற்றுக்கும் உள்ள வேறுபாடே இங்கும் நிற்கிறது. சிவாஜி கணேசன் அக்காட்சியில் ஓங்கிய குரலில் நெடும்பொழுது பேசுகிறார். தமிழ்ப் படத்தில் கைதான வீரன் பேசியே ஆக வேண்டும். கை கட்டுண்டால் நா அவிழும் என்பது அதன் இலக்கணம்.

எம். ஜி. இராமச்சந்திரனின் படங்களில் வீரன் சிறைப்படாத படத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். 1958இல் வந்த நாடோடி மன்னனில் அரசன் சிறையிலிருக்க, அவனைப் போன்ற உருவமுடையவன் அரியணையில் அமர்கிறான். 1965இல் வந்த ஆயிரத்தில் ஒருவனில் மருத்துவன் மணிமாறன் கிளர்ச்சிக்காரருடன் பிடிபட்டு அடிமையாகத் தீவொன்றில் விற்கப்படுகிறான். 1956இல் வந்த மதுரை வீரன் இவற்றுள் தனித்து நிற்பது. நாட்டார் கதையில் உள்ளபடியே மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு வீரன் மடிகிறான். பின்னர் தெய்வமாகிறான். இவ்வேறுபாட்டைப் பற்றிப் பின்னரும் சொல்ல வேண்டியிருக்கிறது.

படக்கதைகளுக்குச் சிறைப்பிடிப்பு ஒரு தொழிற்கருவி. வாரந்தோறும் பகுதி பகுதியாக வெளியாகும் கதை, வாசகனை அடுத்த வாரத்துக்கு இழுத்துச்செல்ல வேண்டும்; வீரனைக் கட்டிப்போட்டுத் ‘தொடரும்’ என்று எழுதுவதைவிட எளிய வழி வேறில்லை. 1936இல் அமெரிக்காவில் பதின்மூன்று பகுதிகளாக எடுக்கப்பட்ட பிளாஷ் கார்டன் தொடர்ப்படமும், 1960 முதல் தினத்தந்தியில் வந்த கன்னித்தீவும், 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸும் இக்கலையை நன்கறிந்தவை. கையில் அகப்பட்ட வீரனை உடனே கொல்லாமல், தன் சதித்திட்டம் முழுவதையும் அவனுக்கு விளக்கிச்சொல்லும் வில்லனைக் கண்டு நாம் நகைக்கிறோம். அந்த நகைப்பு நியாயமானதே. அசைவூட்டப் படங்களும் இவ்வழியே சென்றன. பிளெய்ஷர் சகோதரர்கள் 1939இல் எடுத்த கலிவர் படத்தில், கடற்கரையில் உறங்கும் பேருருவினனைச் சிற்றுருவினர் கயிறு கயிறாகக் கட்டுவது நெடுங்காட்சியாக வருகிறது. யப்பானியரான யுகோ சாகோவும் இந்தியரான ராம் மோகனும் பிறரும் இயக்கி 1992இல் முடித்த இராமாயணப் படத்தில் அனுமன் மீண்டும் கட்டுண்டான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இங்கே கயிறு உண்மையான கயிறு.

சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானோடு பொருது தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் வைக்கப்பட்டான். தண்ணீர் கேட்டான், காவலர் உடனே தரவில்லை. காலந்தாழ்த்துக் கொடுத்த நீரைக் கையில் ஏந்தி, உண்ணாது, ஒரு பாட்டுப் பாடி உயிர்விட்டான் என்று புறநானூற்றின் 74ஆம் பாட்டுக்குரிய அடிக்குறிப்புக் கூறுகிறது. ஆனால் வேறொரு மரபும் உண்டு. பொய்கையார் என்னும் புலவர், வென்ற சோழனின் போர்க்களத்தைச் சிறப்பித்துக் களவழி நாற்பது பாடினார் என்றும், அப்பாட்டுக்குப் பரிசாகச் சேரனின் தளை நீக்கப்பட்டது என்றும் அது சொல்லும். கலிங்கத்துப்பரணியும் இச்செய்தியைக் குறிக்கிறது. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் அரிது. அறிஞர் இது பற்றி நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். என் கருத்தில், முதற்செய்தியைத் தாங்கமாட்டாத நெஞ்சங்களே இரண்டாஞ் செய்தியைப் பேணி வளர்த்தன. ஐரோப்பாவிலும் இத்தகைய கதையொன்று உண்டு. இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டு 1192இல் வியன்னாவுக்கு அருகே பிடிபட்டான். பெருந்தொகை தண்டமாகப் பெற்ற பின்பே 1194இல் விடப்பட்டான். மக்கள் கதையோ, புளொண்டல் என்னும் பாணன் கோட்டை கோட்டையாகப் பாடிச்சென்று அவன் இருக்குமிடத்தைக் கண்டறிந்தான் என்கிறது. பணத்தால் நிகழ்ந்த விடுதலையைப் பாட்டால் நிகழ்ந்ததாக்கிக்கொள்வதில் மக்களுக்குத் தனி இன்பம் போலும்.

நம் நாட்டு வரலாறு இத்தகைய ஆறுதலை எளிதில் தருவதில்லை. யாழ்ப்பாணத்தின் இறுதி மன்னன் சங்கிலி 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே கொல்லப்பட்டான். கண்டியின் இறுதி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் பிடிபட்டான்; மறுஆண்டிற் கப்பலேற்றப்பட்டு வேலூரில் வைக்கப்பட்டு, 1832 சனவரி 30இல் அங்கேயே இறந்தான். அவனை மீட்கச் சேனை எதுவும் கடல் கடக்கவில்லை. யாழ்ப்பாணத்து நாட்டுக்கூத்தில் கண்டியரசன் கொடுங்கோலனாகவே வருகிறான் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறைப்பட்டவர் எல்லாரையும் மக்கள் வீரராக்குவதில்லை.

வீரபாண்டிய கட்டபொம்மனை ஆக்கினர். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட அவன், மேசர் பானர்மன் முன் விசாரிக்கப்பட்டு, 1799 ஒக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்த தம்பி ஊமைத்துரை 1801 பெப்ரவரியில் தப்பினான். அவ்வாண்டு முடிவதற்குள் அவனும் தூக்கிலேறினான். பி. ஆர். பந்துலு 1959இல் இக்கதையைப் படமாக்கியபோது, தூக்குமேடைக்குச் செல்லும் வீரனை யாரும் விடுவிக்கவில்லை. மனோகரனின் சங்கிலியை அறுத்த அதே நடிகர் இங்கே சங்கிலியோடு இறக்கிறார். அடுத்த ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆபிரிக்கப் பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. மீட்பவன் வராத இடத்தில் மக்கள் செய்யக்கூடியவை இரண்டே: மதுரை வீரனைப் போலத் தெய்வமாக்கல், கட்டபொம்மனைப் போலப் பாட்டாக்கல்.

மட்டக்களப்பு மக்கள் இவற்றைக் கதையாக மட்டும் அறிந்தவர் அல்லர். தன்னாமுனையிலிருந்து அதே பெருவழியில் ஏறாவூரைக் கடந்து சென்றால் வந்தாறுமூலை வரும். அங்குள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் 1990ஆம் ஆண்டு பல்லாயிரவர் அடைக்கலம் புகுந்திருந்தனர். செப்டம்பர் 5ஆம் நாள் அவர்களுள் 158 பேரை இராணுவத்தினர் அழைத்துச் சென்றனர். அவர்கள் திரும்பி வரவில்லை. பின்னர் ஆணைக்குழு விசாரித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டமொன்றினாற் காணாமற்போனோருக்கென ஓர் அலுவலகமும் அமைந்தது. தாய்மாரிற் பலர் விடை காணாமலே மறைந்தனர். வாவிக்கரையின் பிற ஊர்களிலும் இத்தகைய வீடுகள் உண்டு. அவ்வீடுகளில் உள்ளோர் கூத்துக்களரியைச் சூழ்ந்து அமரும்போது, கட்டுண்ட இளைஞனை ஏனையோர் காணும் கண்ணாற் காண்பரென்று எண்ண இயலாது.

அவர்கள் கேட்டது ஆயிரந் தோள்களை வெட்டும் சேனையை அன்று, ஒரு செய்தியை. அனுவுருத்திரன் கதையில் அச்செய்தி கிடைக்கிறது. நான்கு திங்கள் பேரனைக் காணாமல் துவாரகை துயருற்றிருந்தது என்கிறது பாகவதம். எங்கே தேடுவதென்று எவருக்கும் தெரியவில்லை. கூத்தில் ஒவ்வொருவர் வருகைக்கும் தனித்தனி வரவுத்தரு உண்டு. அரசன் கொலுவுக்கு வரும் ஆட்டம் நீளும், மத்தளம் முழங்கும், பார்ப்போர் கண் அங்கேயே நிற்கும். அவற்றுக்கிடையே நாரதர் வரவும் நிகழ்கிறது. அனுவுருத்திர நாடகத்தைக் காணும் வாய்ப்புப் பெறும் நேயர்கள் அவ்விடத்தைச் சற்று உற்றுக் கேட்கலாம். அவர் கொண்டுவருவது இரண்டு சொற்களில் அடங்கும் செய்தி: பிள்ளை உயிரோடிருக்கிறான், சோணிதபுரத்தில் இருக்கிறான்.