முத்துக்குளிப்பு: ஆள் சேர்ப்புச் சிக்கல்

புன்னைக்காயலை உள்ளடக்கிய முத்துக்குளித்துறைக் கரையில், குளிப்பை நடத்தியவர்களுக்குத் தீராத தலைவலி தேர்ந்த ஆட்களைத் திரட்டுவது. சிப்பி வளரும் கடலடித் திட்டுகளான பார்கள் ஆண்டுதோறும் விளைவதில்லை. அதனால் யாரையும் நிரந்தரமாக வேலைக்கு வைத்துக்கொள்ள வழியிருக்கவில்லை. பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் இடைப்பட்ட ஆண்டுகளில் சங்கு குளித்தும் மீன்பிடித்தும் பிழைத்தார்கள். இலங்கைப் பார்களில் 1905இல் குளித்தவர்களுக்குக் கூலி பணமாக அல்ல, எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்காகக் கிடைத்தது. அங்கே குளிப்பு நடந்த மரிச்சுக்கட்டி முகாமுக்கு அரபு நாட்டவரும் வந்தனர். சுறாவுக்கு அஞ்சியவர்கள், சுறாவைக் கட்டும் மந்திரக்காரரான கடல்கட்டி மந்திரம் ஓதாமல் கடலில் இறங்க மாட்டார்கள். அந்த மந்திரக்காரருக்கு ஆங்கிலேய அரசே ஊதியம் கொடுத்தது. நம்பிக்கை இல்லாவிட்டாலும் கணக்குத் தெரிந்த அரசு! காலரா பரவினால் முகாமே காலியாகிவிடும். இத்தனை சிக்கல்களோடு நடந்துவந்த குளிப்பு, தூத்துக்குடியில் கடைசியாக 1961இல் நடந்தது.