உணவுப் பாதுகாப்புப் பயிற்சிப் பாடத்திட்டம் (இந்தியா)

உணவகம், பேக்கரி, தள்ளுவண்டிக் கடை, உணவு ஆலை ஆகியவற்றில் வேலை செய்வோருக்கு, உணவைச் சுகாதாரமாகக் கையாளக் கற்றுத்தரும் பாடத்திட்டம். உணவு கெட்டால் யார் பொறுப்பு என்பதில் அரசின் கருத்து மாறியபோதெல்லாம் பாடமும் மாறியது.

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வியாபாரியைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை எனக் கலப்படத்தைப் பிடிப்பதே நோக்கம். ஆய்வாளர் மாதிரி எடுப்பார். குற்றம் உறுதியானால் தண்டனை. சமையல்காரருக்குக் கற்பிப்பது பெரிதாக எண்ணப்படவில்லை.

மாற்றுச் சிந்தனை விண்வெளித் திட்டத்திலிருந்து வந்தது. விண்வெளி வீரர்களின் உணவுக்காக நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் அமெரிக்க ராணுவ ஆய்வகமும் 1960களில் உருவாக்கிய ‘ஹாசப்’ முறை, தயாரான பொருளைச் சோதிப்பதோடு நிற்காமல், ஆபத்து நுழையும் கட்டத்திலேயே தடுக்கச் சொன்னது. 1993இல், பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 1995இல் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் கோடெக்ஸ் தரங்களை வணிகத்தின் அளவுகோலாக்கியது. இது வெறும் அறிவியல் மாற்றம் அல்ல. நிறுவனமே தன்னைக் கண்காணித்துப் பதிவேடு வைக்கட்டும், அரசு அதைச் சரிபார்த்தால் போதும் என்ற சந்தைப் பொருளாதாரக் கொள்கையும் அதோடு சேர்ந்தே வந்தது. 1997இல் இந்தியக் கடலுணவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகத் தடை விதித்ததும் ஏற்றுமதி ஆலைகளுக்கு நெருக்கடி முற்றியது. குளோரின் நீரில் கை கழுவுவதும் குளிர்அறை வெப்பநிலையைக் குறித்து வைப்பதும் இறால் உரிக்கும் கூடங்களில் கண்டிப்பான அன்றாட வேலையாயின. வெளிநாட்டார் தட்டுக்குப் போகும் இறாலுக்குக் காட்டிய அக்கறை நம் தெருமுனை இட்லிக்கு வந்துசேர மேலும் 20 ஆண்டுகள் ஆயின என்பது வருத்தத்துக்குரியது.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் வழியில், 2017இல் ‘ஃபாஸ்டாக்’ பயிற்சித் திட்டம் தொடங்கியது. 25 பணியாளர்களுக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும் என்பது அதன் இலக்கு. நகம் வெட்டுதல், பச்சை இறைச்சியைச் சமைத்த உணவிலிருந்து விலக்கி வைத்தல், சூடான உணவை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் காத்தல் எனப் பாடம் தொழிலாளியின் ஒழுக்கத்தையே மையமாகக் கொண்டது. குழாயும் வடிகாலும் இல்லாத நடைபாதையில் ஒரே வாளித் தண்ணீரை வைத்துக் கடை நடத்துபவருக்கு இது பாதிப் பாடம்தான். மீதிப் பாதி உள்ளாட்சியின் கடமை. அகமதாபாத் காங்கரியா ஏரிப் பகுதி 2018இல் நாட்டின் முதல் ‘தூய்மையான தெருவுணவு மையம்’ ஆனபோது, விற்பவர்களின் பயிற்சியோடு இடத்தின் தண்ணீரும் குப்பை அகற்றலும் தணிக்கைக்கு உட்பட்டன.